போன் நம்பரை மாற்ற 40 பக்கமா?

ஒரு பலகாரக் கடை. மிக்சர், முறுக்கு, அதிரசம் எல்லாம் அங்கே கிடைக்கும். கடைக்கு ஒரு வலைத்தளமும் உண்டு. அதில் 40 பக்கம். ஒவ்வொரு பலகாரத்துக்கும் ஒரு பக்கம்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடையின் முகவரி இருக்கிறது. போன் நம்பர் இருக்கிறது. கடை திறக்கும் நேரமும் இருக்கிறது.

ஒரு நாள் போன் நம்பர் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்ய வேண்டும்? 40 பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். பழைய நம்பரை அழிக்க வேண்டும். புதிய நம்பரை எழுத வேண்டும். 37 பக்கம் மாற்றுவார்கள். 3 பக்கம் விட்டுப்போகும். கையால் செய்கிற வேலை அப்படித்தான்!

அந்த 3 பக்கமும் யார் கண்ணில் படும்? வாங்க வருகிறவர் கண்ணில்தான் படும். மகள் கல்யாணத்துக்கு 500 அதிரசம் சொல்லலாம் என்று அவர் நினைத்திருப்பார். பழைய நம்பருக்குப் போன் போடுவார். யாரும் எடுக்க மாட்டார்கள். அல்லது வேறு யாரோ எடுப்பார்கள்.

கைவிட்ட செல்போன் நம்பரை 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். நம் நாட்டு விதி அது. ஆகவே அதிரசம் கேட்டுப் போன் செய்கிறவருக்கு, முன்பின் தெரியாத ஒரு வீட்டில் இருந்து திட்டு கிடைக்கலாம்!

போன ஆர்டர் போனதுதான். போனது என்றுகூடக் கடைக்காரருக்குத் தெரியாது.

இந்தத் தொல்லை தேவையா? தேவையே இல்லை. ஒரே இடத்தில் திருத்தினால் 40 பக்கத்திலும் தானாகத் திருந்தும்படி வலைத்தளத்தை அமைக்க முடியும். பணம் அதிகம் ஆகாது. நேரமும் அதிகம் ஆகாது. இருந்தும் பல பேர் அப்படிச் செய்து கொடுப்பதில்லை. அது சரியல்ல என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சுலபமே ஆபத்து!

முன்பெல்லாம் வலைத்தளம் அமைக்க கம்ப்யூட்டர் மொழி தெரிய வேண்டும். வரி வரியாக எழுத வேண்டும். ஒரு குறி தவறினாலும் பக்கம் கோணிக்கொண்டு நிற்கும்.

இப்போது அந்தக் கஷ்டம் குறைந்துவிட்டது. வேர்ட்பிரஸ், விக்ஸ், வெப்ஃப்ளோ என்று பல சாதனங்கள் இருக்கின்றன. திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்று தெரியும். ஓரத்தில் பலவகைப் பெட்டிகள் இருக்கும். படம் வைக்க ஒரு பெட்டி. எழுத்துக்கு ஒரு பெட்டி. அழுத்துவதற்கு ஒரு பொத்தான். வேண்டியதை இழுத்து வந்து வெள்ளைப் பக்கத்தில் வைக்கலாம். நிறத்தை மாற்றலாம். பெரிதாக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கற்றுக்கொள்ளலாம். வீட்டில் இருந்தபடியே இந்த வேலையைச் செய்து சம்பாதிக்கும் பெண்களும் உண்டு.

இவ்வளவு சுலபமாக இருப்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது.

ஒரு பக்கத்தை அழகாகச் செய்துவிட்டால் போதும். அதை அப்படியே நகல் எடுத்து 39 தடவை ஒட்டிவிடலாம். படத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிடும். பார்க்கவும் நன்றாக இருக்கும்.

ஆனால் அந்த 40 பக்கத்துக்கும் ஒன்றோடு ஒன்று சம்பந்தமே இல்லை! ஒன்றைத் திருத்தினால் மற்ற 39 பக்கத்துக்கும் அது தெரியாது. ஒரே சாயலில் இருக்கும் 40 அன்னியர்கள்!

அதிசய அச்சு

வீட்டில் முறுக்கு பிழிந்திருப்பீர்கள். அச்சுக்குள் ஒரு தட்டு போடுகிறோம். தட்டில் நட்சத்திர ஓட்டை இருந்தால், முறுக்கு முள்ளு முள்ளாக விழும். வட்ட ஓட்டை இருந்தால், வழவழ என்று விழும். தட்டு ஒன்றுதான். முறுக்கு நூறு.

இப்போது ஓர் அதிசயத்தை நினைத்துப் பாருங்கள். நூறு முறுக்கையும் பிழிந்தாகிவிட்டது. பொரித்து எடுத்து டின்னிலும் அடைத்தாகிவிட்டது. அதன் பிறகு அச்சில் தட்டை மாற்றுகிறீர்கள். உடனே டின்னில் இருக்கிற நூறு முறுக்கும் புது வடிவத்துக்கு மாறிவிடுகின்றன!

அடுப்படியில் இது நடக்காது. வலைத்தளத்தில் நடக்கும்.

அதற்குக் காம்பொனென்ட் என்று பெயர். உறுப்பு என்று அர்த்தம். நாம் அச்சு என்றே சொல்லிக்கொள்வோம். பக்கத்தின் அடியில் வரும் முகவரியை ஓர் அச்சாகச் செய்ய வேண்டும். அந்த அச்சை 40 பக்கத்திலும் வைக்க வேண்டும். அவ்வளவுதான். பிறகு போன் நம்பர் மாறினால் அச்சில் மட்டும் மாற்றினால் போதும். 40 பக்கமும் அந்த நிமிடமே மாறிவிடும்.

இது நேற்று வந்த யோசனை அல்ல. 60 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இவான் சதர்லாண்ட் என்பவர் அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். 1963-ம் ஆண்டு "ஸ்கெட்ச்பேட்" என்ற ஒன்றைச் செய்து காட்டினார். கம்ப்யூட்டர் திரையில் ஒளிப் பேனாவால் படம் வரையும் முறை அது. அப்போது கம்ப்யூட்டர் என்றால் ஓர் அறை நிறைய இருக்கும். அதன் திரையில் கோடு போட்டதே பெரிய விஷயம்!

அவர் அதோடு நிற்கவில்லை. மூலப் படம் ஒன்றை வரைந்து, அதன் பிரதிகளைப் பல இடங்களில் வைக்க வழி செய்தார். மூலத்தை மாற்றினால் பிரதிகள் எல்லாம் மாறின. தேன்கூடு மாதிரி அறுகோணங்களை அடுக்கிக் காட்டினார். 1988-ம் ஆண்டு அவருக்கு டூரிங் பரிசு கிடைத்தது. கம்ப்யூட்டர் துறையில் அதுதான் பெரிய பரிசு.

இன்று பலகாரக் கடைக்காரர் போன் நம்பரை மாற்றுகிறாரே, அதற்குள் இருப்பது அந்த யோசனைதான்.

ஒரே சாமான், பல பெயர்

ஒரு சின்ன எச்சரிக்கை. இந்த அச்சுக்கு ஒவ்வொரு சாதனத்திலும் ஒவ்வொரு பெயர். வெப்ஃப்ளோவில் முன்பு சிம்பல் என்றார்கள். பிறகு காம்பொனென்ட் என்று மாற்றிவிட்டார்கள்.

வேர்ட்பிரஸ் 2003-ம் ஆண்டு தொடங்கியது. உலகில் உள்ள வலைத்தளங்களில் நூற்றுக்கு 40-க்கு மேல் அதில் ஓடுகின்றன. அதில் 2018 டிசம்பரில் ரீயூசபிள் பிளாக் என்ற பெயரில் இந்த வசதி வந்தது. 2023 ஆகஸ்டில் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். சிங்க்டு பேட்டர்ன் என்று புதுப் பெயர் வைத்தார்கள். பக்கத்தின் தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் டெம்ப்ளேட் பார்ட் என்று தனிப் பெயர். பெயர் வைப்பதில் இவர்களுக்கு அலுப்பே கிடையாது!

பெயரைக் கண்டு மிரள வேண்டாம். "ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறுமா?" என்று கேளுங்கள். "மாறும்" என்றால் அதுதான் அச்சு.

எது பொது? எது தனி?

இனிமேல்தான் மூளைக்கு வேலை.

எல்லாவற்றையும் ஒரே அச்சில் அடைக்க முடியாது. மிக்சர் பக்கத்தில் மிக்சர் படம்தான் வர வேண்டும். அதிரசம் விலை அதிரசத்துக்குத்தான். வடிவம் பொது. உள்ளே இருப்பது தனி.

ஒரு உண்மைச் சம்பவத்தைச் சொன்னால் இது விளங்கும். 2025 செப்டம்பர் 22-ந் தேதி ஜி.எஸ்.டி. வரி மாறியது. பொட்டலம் கட்டி, பெயர் போட்டு விற்கும் மிக்சருக்கு அதுவரை 12 சதவீத வரி. அன்று முதல் 5 சதவீதம். பலகாரக் கடைகள் ஒரே ராத்திரியில் விலைப் பட்டியலை மாற்ற வேண்டி வந்தது.

நம் கடையின் வலைத்தளத்தில் ஒவ்வொரு மிக்சர் பொட்டலத்தின் விலைக்குக் கீழேயும் "12 சதவீத வரி உள்பட" என்று ஒரு வரி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த வரி எல்லாப் பொட்டலத்துக்கும் பொது. அது அச்சில் இருந்தால் ஒரே திருத்தத்தில் வேலை முடிந்தது. ஆனால் கால் கிலோ விலை வேறு. அரைக் கிலோ விலை வேறு. அதைத் தனித்தனியாகத்தான் மாற்ற வேண்டும். அச்சு அங்கே உதவாது. (விலைப் பட்டியலுக்கு வேறு வசதி உண்டு. கணக்குப் புத்தகம் மாதிரி ஓர் இடத்தில் எழுதி வைத்தால், பக்கங்கள் அதில் இருந்து விலையை எடுத்துக்கொள்ளும். அதைப் பற்றி இங்கே எழுத இடம் இல்லை.)

ஆகவே நல்ல அச்சில் ஜன்னல் வைத்திருப்பார்கள். படத்துக்கு ஒரு ஜன்னல். பெயருக்கு ஒன்று. எடைக்கு ஒன்று. விலைக்கு ஒன்று. அந்த ஜன்னல் வழியாக மட்டும் கை வைக்கலாம். சுவர், கூரை எல்லாம் அச்சுக்குச் சொந்தம். வெப்ஃப்ளோவில் இந்த வசதி இருக்கிறது. வேர்ட்பிரஸில் 2024 ஜூலையில் வந்தது.

ஜன்னல் வைக்காமல் அச்சு செய்தால் என்ன ஆகும்? இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

தீபாவளி வருகிறது. மிக்சர் பக்கத்தில் மட்டும் "புதுசு!" என்று போட வேண்டும். அச்சில் அதற்கு இடம் இல்லை. அச்சைத் தொட்டால் எல்லாப் பக்கத்திலும் "புதுசு!" வந்துவிடும். வேலை செய்கிறவர் என்ன செய்கிறார்? அந்த ஒரு பக்கத்தை அச்சில் இருந்து அறுத்துவிடுகிறார். அதற்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. அறுத்த பிறகு இஷ்டம் போல எழுதலாம். அன்றைக்கு வேலை சுலபம்.

ஆனால் அந்தப் பக்கம் அனாதை ஆகிவிட்டது! அதற்கும் மூலத்துக்கும் இருந்த உறவு போய்விட்டது. பார்த்தால் தெரியாது. மற்றப் பக்கங்களைப் போலவே இருக்கும். தை மாதம் வேறு ஒருவர் அச்சைத் திருத்துவார். 39 பக்கமும் மாறும். அனாதைப் பக்கம் மட்டும் பழைய கோலத்தில் நிற்கும். ஏன் என்று யாருக்கும் புரியாது.

அறுப்பது பாவம் என்று சொல்லவில்லை. சில சமயம் அறுக்கத்தான் வேண்டும். அறுத்ததை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அடிக்கடி அறுக்க வேண்டி வந்தால், அச்சில் ஒரு ஜன்னல் குறைகிறது என்று அர்த்தம். ஜன்னலைப் போட்டுவிடலாம்.

ஒரு கை பட்டால் ஊரே ஆடும்

அச்சில் நன்மை எவ்வளவோ, அபாயமும் அவ்வளவு.

தீபாவளி முடிந்துவிட்டது. முகப்புப் பக்கத்தில் இருக்கும் தீபாவளி அறிவிப்பை எடுக்க வேண்டும். கடைப் பையன் அதை அழிக்கிறான். அவன் அழித்தது அச்சின் உள்ளே! அறிவிப்போடு சேர்ந்திருந்த "ஆர்டர் செய்ய" என்ற பொத்தானும் போய்விட்டது. ஒரு பக்கத்தில் அல்ல. 40 பக்கத்திலும்! ராத்திரி முழுவதும் ஓர் ஆர்டரும் வராது.

நகல் எடுத்து ஒட்டிய தளத்தில் இப்படி நடக்காது. ஒரு பக்கத்தோடு போகும். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இருந்தாலும் நான் அச்சின் கட்சிதான். ஏன் என்றால், 40 பக்கத்திலும் கெட்டது உடனே கண்ணில் படும். ஒரே இடத்தில் சரி செய்யலாம். 3 பக்கத்தில் மட்டும் ஒளிந்திருக்கும் பழைய நம்பர் வருஷக்கணக்கில் கண்ணில் படாது.

அச்சைத் தொடும் முன்பு, அது எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நல்ல சாதனங்கள் அந்த எண்ணிக்கையைக் காட்டும். பார்க்காமல் கை வைப்பது, மெயின் சுவிட்ச் எது என்று தெரியாமல் பியூஸைப் பிடுங்குவது போல.

பெயர் வைப்பதும் முக்கியம். "பெட்டி 7" என்று பெயர் வைத்தால் ஆறு மாதம் கழித்து யாருக்கு விளங்கும்? "பக்க அடி: முகவரியும் போனும்" என்று வையுங்கள். புதிதாக வேலைக்கு வருகிற பெண்ணுக்கும் புரியும்.

இன்னொரு தினுசு ஆட்களும் உண்டு. அச்சு என்ற வித்தை தெரிந்ததும் கண்டதை எல்லாம் அச்சாக்கி விடுவார்கள்! ஒரே ஒரு இடத்தில் வரும் படத்துக்கு ஓர் அச்சு. அதற்குள் இன்னொரு அச்சு. அதற்குள் இன்னொன்று. ஒரு எழுத்தை மாற்ற ஏழு கதவு திறக்க வேண்டும். என் கணக்கு இதுதான்: ஒரே மாதிரி சாமான் இரண்டு இடத்தில் வந்தால் பொறுத்துப் பாருங்கள். மூன்றாவது இடத்திலும் வந்தால் அச்சு செய்யுங்கள். முகவரியும் போன் நம்பரும் மட்டும் விதிவிலக்கு. அவை முதல் நாளே அச்சில் ஏற வேண்டும்.

பக்கத்துக்கு 50 ரூபாய்!

இனி, மனதை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கடையில் இப்படி ஒரு பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"தம்பி, போன் நம்பர் மாறிப்போச்சு. தளத்துல மாத்திக் குடுங்க."

"செஞ்சுடலாம் அண்ணாச்சி. 40 பக்கம் இருக்கு. பக்கத்துக்கு 50 ரூபாய் ஆகும்."

"2 ஆயிரமா! ஒரு நம்பருக்கா?"

"ஒவ்வொண்ணா திறக்கணும் அண்ணாச்சி. வேலை அப்படி."

அண்ணாச்சிக்கு விவரம் தெரியாது. தம்பி சொல்வதை நம்புகிறார். தம்பி சொல்வதும் பொய் அல்ல. 40 பக்கத்தையும் திறக்கத்தான் வேண்டும். ஆனால் வேலையை அப்படி ஆக்கி வைத்தது யார்? தம்பிதான்! முதலிலேயே அச்சு செய்திருந்தால் இது 2 நிமிட வேலை. அண்ணாச்சியே செய்துகொள்வார்.

தெரியாமல் செய்தால் கற்றுக்கொள்ளலாம். தெரிந்தே செய்தால் அது வியாபார தர்மம் அல்ல. வீடு கட்டிக் கொடுத்த கொத்தனார் சாவியைத் தன் மடியில் வைத்துக்கொள்ளலாமா? "கதவு திறக்கணும்னா என்னைக் கூப்பிடுங்க, 50 ரூபாய்" என்று சொல்லலாமா?

"எல்லாவற்றையும் கடைக்காரரே செய்துகொண்டால் எங்கள் பிழைப்பு என்ன ஆவது?" என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. போன் நம்பர் மாற்றுவதில் பிழைக்க நினைத்தால் அது ரொம்ப நாள் ஓடாது. ஒரு நாள் அண்ணாச்சியின் மகள் கல்லூரியில் இருந்து வருவாள். பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவாள். அதற்குப் பிறகு அந்தக் கடையில் தம்பிக்கு வேலை இல்லை. அச்சு செய்து, ஜன்னல் வைத்து, எப்படி மாற்றுவது என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தவரை அண்ணாச்சி நாலு கடைக்குச் சொல்லுவார். அச்சு செய்யும் வேலைக்குத் தாராளமாகக் கூலி கேட்கலாம். கொடுக்கலாம்.

அச்சு எட்டாத இடம்

அச்சு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைத்துவிடக் கூடாது.

சில கடைகளில் அழகான விளம்பரப் படம் வைத்திருப்பார்கள். அந்தப் படத்துக்குள்ளேயே போன் நம்பர் வரையப்பட்டிருக்கும். அது எழுத்து அல்ல. படம்! அச்சில் நம்பரை மாற்றினாலும் படத்தில் இருக்கும் நம்பர் மாறாது. வேறு படம்தான் செய்ய வேண்டும். ஆகவே படத்துக்குள் நம்பர் போடாதீர்கள். கூகுள் மேப்பில் கடையின் நம்பர் இருக்கும். அதையும் தனியாக மாற்ற வேண்டும்.

சாதனத்தை விட்டு வெளியேறும்போதும் ஒரு சிக்கல். வெப்ஃப்ளோவில் இருந்து பக்கங்களை வெளியே எடுக்கலாம். ஆனால் அச்சு வெளியே வராது. 40 பக்கத்திலும் 40 தனி நகலாகத்தான் வரும். பழைய கதை திரும்பவும் ஆரம்பம்! விக்ஸில் அமைத்த தளத்தை அப்படியே பெயர்த்து வேறு இடத்துக்குக் கொண்டுபோக வழி இல்லை. வேறு இடத்தில் புதிதாகத்தான் கட்ட வேண்டும். ஆகவே கடையைப் பற்றி எழுதியதையும், எடுத்த படங்களையும் உங்களிடமே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கும் முன்பு

வலைத்தளம் செய்து கொடுத்தவர் மீதிப் பணத்துக்கு வருவார். அப்போது அவரை உட்கார வையுங்கள். காபி கொடுங்கள். "தம்பி, என் கண் முன்னால் போன் நம்பரை மாற்றிக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள்.

எத்தனை இடத்தில் மாற்றுகிறார் என்று எண்ணுங்கள். பிறகு உங்கள் செல்போனில் மூன்று பக்கத்தைத் திறந்து பாருங்கள். முகப்பு ஒன்று. நடுவில் ஏதாவது ஒரு பலகாரம். கடைசியாகச் சேர்த்த பக்கம் ஒன்று. பழைய நம்பரே தெரிந்தால் அவசரப்பட்டுக் கோபிக்க வேண்டாம். பக்கத்தை ஒரு தடவை புதுப்பித்துப் பாருங்கள்.

மூன்றிலும் மாறியிருந்தால், சுட்டியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். உண்மையான நம்பரை உங்கள் கையாலேயே திரும்பப் போடுங்கள். அதையும் செல்போனில் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.